விரலில் ஒரு மோதிரம்: கீபோர்டு கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

மெல்லிசைக் குழுக்களிலும் கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் கீபோர்டு வாசிக்கும் தம்பி, தங்கையருக்கு,

நீங்கள் இன்று நிற்கும் இடத்தில் இருபத்தைந்து ஆண்டுகள் நின்று வாசித்தவன் நான். விரல் மூட்டு வலி வந்தபிறகு மேடை ஏறுவதை விட்டுவிட்டேன். வீட்டிலேயே சில பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். உங்களிடம் ஒரு விஷயம் பேச வேண்டும் என்று வெகு நாளாக நினைத்திருந்தேன். போன மாதம் நடந்த ஒன்று என்னை உட்கார்ந்து எழுத வைத்துவிட்டது.

என்னிடம் கற்றுக்கொள்ளும் ஒரு பையன் புதுக் கீபோர்டு வாங்கிக்கொண்டு வந்தான். விலை அதிகம். அப்பாவும் அம்மாவும் சேர்த்து வைத்திருந்த பணம். அட்டைப் பெட்டி வாசனைகூடப் போகாத அந்தக் கருவியை மேசையில் வைத்து, ஒரு மணி நேரம் டோன்களை மாற்றி மாற்றிக் காட்டினான். புல்லாங்குழல், ஷெனாய், சித்தார், நாதஸ்வரம், வயலின் கூட்டம் எல்லாம் இருந்தன. நானும் ஆசையாகத்தான் கேட்டேன். பிறகு, "தோடி வர்ணம் ரெண்டு வரி வாசி, கண்ணு" என்றேன். நாதஸ்வர டோனை வைத்து வாசித்தான். ஸ்வரம் ஒன்றுகூடத் தப்பவில்லை. தோடியும் வரவில்லை. அவனுடைய இடது கை சும்மா தொடையில் கிடந்தது. கீபோர்டின் இடது ஓரத்தில் இருக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தைப் பார்த்தேன். கடையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் அதன்மேல் அப்படியே இருந்தது. வாங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது.

அந்தச் சக்கரம் அங்கே எதற்காக வந்தது என்பதை அவனுக்குச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன். கதை பாரிசில் தொடங்குகிறது.

மோரிஸ் மார்த்தெனோ என்பவர் 1898இல் பாரிசில் பிறந்தார். செல்லோ வாசிப்பவர். முதல் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவத்தில் கம்பியில்லாத் தந்திப் பிரிவில் வேலை பார்த்தார். அந்தக் காலத்து ரேடியோக் கருவிகளில் வால்வுகள் இருக்கும். திருகைக் கொஞ்சம் திருப்பினால் விசில் போல ஒரு சத்தம் கேட்கும். அது ஏறும், இறங்கும், குழையும். கூட இருந்தவர்களுக்கு அது தொல்லை. மார்த்தெனோவுக்கு அதில் ஒரு வாத்தியம் கேட்டது.

அந்தச் சத்தத்தின் கணக்கு எளிது. காதுக்கு எட்டாத வேகத்தில் அதிரும் இரண்டு மின் அலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று வினாடிக்கு 80,000 முறையும் இன்னொன்று 80,440 முறையும் அதிர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே இரண்டும் நமக்குக் கேட்காது. இரண்டையும் கலந்தால் அவற்றின் வித்தியாசமான 440 மட்டும் காதுக்கு வரும். மேற்கத்திய இசைக்குழுக்கள் அந்த ஸ்வரத்தை வைத்துத்தான் சுருதி சேர்க்கின்றன. நம் பேச்சில் ஆறு கட்டை. இரண்டாவது அலையைக் கொஞ்சம் நகர்த்தினால் ஸ்வரமும் நகரும். படிக்கட்டு கிடையாது, முழுக்கச் சரிவுப் பாதைதான்.

ரஷ்யாவின் லெவ் தெர்மென் இதே கணக்கை வைத்து மார்த்தெனோவுக்கு முன்பே தெரமின் என்ற கருவியைச் செய்துவிட்டார். அதைத் தொடாமலே வாசிக்க வேண்டும். காற்றில் கையை அசைத்தால் ஸ்வரம் ஏறி இறங்கும். பார்க்க மாயம் போல இருக்கும். ஆனால் கைக்குப் பிடிமானமே கிடையாது. செல்லோ வாசித்த மார்த்தெனோ பிடிமானத்தைத் தேடினார். 1928இல் அவர் பாரிஸ் ரசிகர்கள் முன் கொண்டுவந்த கருவியில் ஒரு தந்தி இருந்தது. தந்தியில் ஒரு மோதிரம். மோதிரத்தை ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொண்டு, பெட்டியிலிருந்து சற்றுத் தள்ளி நின்று, தந்தியை இழுத்தும் விட்டும் வாசித்தார். லெவிதிஸ் என்ற கிரேக்க இசையமைப்பாளர் அதற்கென்றே ஓர் உருப்படியை எழுதிக் கொடுத்தார். வாத்தியத்துக்கு 'ஓந்த்' என்று பெயர். பிரெஞ்சில் அலைகள் என்று பொருள். செய்தவர் பெயரும் சேர்ந்து 'ஓந்த் மார்த்தெனோ' ஆயிற்று.

அடுத்தடுத்த ஆண்டுகளில் அதில் கீபோர்டு சேர்ந்தது. முதலில் மோதிரம் எங்கே நிற்கிறது என்று காட்டுவதற்காகக் கட்டைகளைப் படமாக வரைந்து வைத்தார். பிறகு உண்மையாகவே அழுத்தி வாசிக்கும் கட்டைகள் வந்தன. கட்டை வந்தபிறகும் மோதிரத்தை அவர் கழற்றவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஸ்வரத்தைத் துல்லியமாகத் தொட வேண்டுமானால் கட்டை. ஸ்வரங்களுக்கு நடுவே நடக்க வேண்டுமானால் கட்டைகளுக்கு முன்னால் ஓடும் தந்தியில் மோதிரம். மோதிரம் நகரும் பாதையில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் சிறு குழியோ மேடோ இருக்கும். கண்ணை மூடிக்கொண்டாலும் விரல் இடம் கண்டுகொள்ளும். கோட்டு வாத்தியத்தில் தந்தியின் மேல் கட்டை வழுக்கிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே போக்குதான்.

கட்டைகளும் வெறும் கட்டைகள் அல்ல. கீபோர்டு முழுவதும் பக்கவாட்டில் லேசாக அசையும்படி வைக்கப்பட்டிருக்கும். கட்டையை அழுத்தியபடி விரலை இடமும் வலமுமாக ஆட்டினால் ஸ்வரம் அதிரும். வயலின்காரர் இடது கை விரலை ஆட்டுவது போல. நம் கீபோர்டில் இந்த வேலைக்கு மாடுலேஷன் என்ற தனிச் சக்கரம் இருக்கிறது. அதை ஏற்றிவிட்டால் ஸ்வரம் தானே ஒரே சீராக நடுங்கிக்கொண்டிருக்கும். ஓந்தில் நடுங்குவது வாசிப்பவரின் விரல்தான். எவ்வளவு, எப்போது, எந்த வேகம் என்று அந்தக் கணத்தில் விரல் தீர்மானிக்கும்.

இனி இடது கை. என் மாணவன் தொடையில் போட்டிருந்தானே, அந்தக் கை. ஓந்த் வாசிப்பவருக்கு இடது கை இல்லாவிட்டால் ஒரு சத்தமும் வராது. பெட்டியின் இடப்பக்கம் ஒரு சின்ன இழுப்பறை இருக்கும். அதில் ஒரு விசை. வலது கை எந்த ஸ்வரத்தைத் தொட்டாலும் இடது விரல் அந்த விசையை அழுத்தும்வரை வாத்தியம் மௌனம். விசைக்கு அடியில் ஒரு தோல் பை. அதற்குள் மின்சாரம் லேசாகப் பாயும் ஒருவகைத் தூள். மெல்ல அழுத்தினால் தூள் கொஞ்சம் நெருங்கும், கொஞ்சம் மின்சாரம் பாயும், ஸ்வரம் எங்கோ தூரத்தில் பிறப்பது போல வரும். அழுத்த அழுத்தப் பெருகும். விரலை எடுத்தால் அடங்கும். சட்டென்று தட்டினால் தந்தியை மீட்டினாற்போல வெடிக்கும். அரை மில்லிமீட்டர் அசைவுகூடக் கேட்கும் என்று சொல்லும்படியான நுணுக்கம் அது.

செல்லோவைப் பாருங்கள். ஒரு கை தந்தியில் ஸ்வரத்தைத் தேடும், இன்னொரு கை வில்லைப் பிடித்து அந்த ஸ்வரத்துக்கு மூச்சுக் கொடுக்கும். மார்த்தெனோ அந்த இரண்டு கைகளையும் மின்சாரத்துக்குள் கொண்டுபோய் இடம் மாற்றி வைத்தார். மோதிரம் தந்தியில் ஊரும் விரல். இழுப்பறை விசை வில். நம் கீபோர்டில் கட்டையை எவ்வளவு வேகமாக அடிக்கிறோமோ அவ்வளவு சத்தம். அடித்த பிறகு அந்த ஸ்வரத்தின்மேல் நமக்கு அதிகாரம் குறைவு. நாதஸ்வரக்காரர் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து, அதைச் சிறிதாக்கி, பெரிதாக்கி, மறுபடி இழையாக்கி விடுகிறாரே, அது ஊதுகிற மூச்சால் ஆவது. அந்த மூச்சு 1928லேயே ஒரு மின்னணு வாத்தியத்துக்கு வாய்த்துவிட்டது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

ஸ்பீக்கரிலும் அவர் சும்மா இருக்கவில்லை. சாதாரண ஒலிபெருக்கியோடு வேறு சிலவற்றையும் செய்தார். ஒன்றில் கூம்புக் காகிதத்துக்குப் பதில் ஒரு வெண்கலச் சேகண்டி அதிரும். இன்னொன்று தீச்சுடர் போன்ற வடிவம் உடையது. அதன்மேல் தந்திகள் கட்டியிருக்கும். ஸ்வரம் வரும்போது அதோடு ஒத்துப்போகும் தந்தி தானே அதிர்ந்து ரீங்காரம் போடும். சித்தாரின் அடித்தந்திகள் செய்யும் அதே வேலை. 'எஃபெக்ட்' என்று நாம் பொத்தானை அழுத்தி வரவழைப்பதை அவர் மரத்திலும் தந்தியிலும் செய்து வைத்தார்.

ஒரு விஷயத்தில் இந்த வாத்தியம் உங்களுக்கு ஏமாற்றம் தரலாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்வரம்தான் பேசும். கார்டு வாசிக்க முடியாது. இதைக் குறை என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மனிதக் குரல் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் பாடுகிறது. புல்லாங்குழலும் நாதஸ்வரமும் அப்படியே. நம் சங்கீதம் முழுவதும் அந்த ஒற்றை இழையில் கட்டியதுதான். பத்து விரலும் ஒரே நேரத்தில் பேச வேண்டும் என்ற அவசரம் இல்லாதபோதுதான் ஒரு விரல் என்ன செய்கிறது என்று காது கேட்கிறது.

இந்த வாத்தியத்துக்கு மனத்தைப் பறிகொடுத்தவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெஸ்ஸியான். 1937இல் பாரிசில் உலகப் பொருட்காட்சி நடந்தது. சேன் நதிக்கரையில் ஒளியும் நீரூற்றும் இசையும் சேர்ந்த இரவு நிகழ்ச்சிகளுக்காக அவர் ஆறு ஓந்துகளுக்கு ஓர் இசை எழுதினார். அதில் மிக மெதுவாக நகரும் ஒரு பகுதி உண்டு. ஒரே ஓந்த் நீளமாகப் பாட, மற்றவை அடியில் தாங்கும். இரண்டு ஆண்டு கழித்துப் போர் வந்தது. மெஸ்ஸியான் ஜெர்மானியரிடம் பிடிபட்டு கோர்லிட்ஸ் ஊரின் கைதி முகாமில் அடைபட்டார். அங்கே ஒரு வயலின்காரர், ஒரு கிளாரினெட்காரர், ஒரு செல்லோக்காரர் இருந்தார்கள். அவர்களோடு தான் பியானோ வாசிப்பதற்காக 'காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை'யை எழுதினார். 1941 ஜனவரி 15 அன்று, கடுங்குளிரில், சக கைதிகள் முன்னால் அது அரங்கேறியது. அதன் ஐந்தாம் பகுதியில் செல்லோ பாடும் அந்த முடிவில்லாத மெட்டு நதிக்கரையில் ஓந்துக்காக எழுதிய அதே மெட்டுதான். முகாமில் ஓந்த் ஏது? ஒரு செல்லோக்காரரின் கையிலிருந்து பிறந்த வாத்தியத்தின் பாட்டு இன்னொரு செல்லோக்காரரின் கைக்கே போய்ச் சேர்ந்தது. இரண்டு வடிவங்களின் ஒலிப்பதிவும் கிடைக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். எது மின்சாரம், எது மரம் என்ற கேள்வியே சிறிது நேரத்தில் மறந்துபோகும்.

அவருடைய பெரிய படைப்பு 'துரங்கலீலா' சிம்பொனி. 1946க்கும் 1948க்கும் இடையே எழுதியது. பத்துப் பகுதிகள், ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். 1949 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டனில் லெனார்டு பெர்ன்ஸ்டைன் நடத்த முதன்முதலாக ஒலித்தது. பியானோவில் இவோன் லோரியோ, ஓந்தில் மோரிஸின் தங்கை ஜினெத் மார்த்தெனோ. பெயரைப் படித்ததுமே உங்களுக்குப் புரிந்திருக்கும். துரங்கம் என்றால் குதிரை. லீலை என்றால் விளையாட்டு. குதிரைப் பாய்ச்சலாக ஓடும் காலம் என்று மெஸ்ஸியான் அதற்குப் பொருள் சொன்னார். தேவகிரியில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சார்ங்கதேவர் 'சங்கீத ரத்னாகரம்' நூலில் 120 தேசி தாளங்களைப் பட்டியலிட்டிருக்கிறார். அதில் ஒரு தாளத்தின் பெயரும் துரங்கலீலைதான். அந்தப் பட்டியலை ஒரு பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் பார்த்த மெஸ்ஸியான் வாழ்நாள் முழுக்க அந்தத் தாளக் கணக்குகளைத் தன் இசையில் புழங்கினார்.

அந்த சிம்பொனியின் ஆறாம் பகுதியை நான் முதலில் ஒரு நண்பர் கொடுத்த கேசட்டில் கேட்டேன். பேருந்து ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் கச்சேரிக்காகப் போய்க்கொண்டிருந்தோம். வயலின்களும் ஓந்தும் ஒன்றாக மிக மெல்ல ஒரு மெட்டை நகர்த்த, மேலே பியானோ பறவைக் குரல்களை உதிர்க்கும். எந்த இடத்தில் வயலின் முடிகிறது, எந்த இடத்தில் ஓந்த் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முயன்றேன். முடியவில்லை. நூறு தந்திகளுக்கு நடுவே ஒரு மின்னணுக் கருவி இப்படிக் கரைய முடியும் என்று அதுவரை நான் நம்பியதில்லை. எங்கள் குழுவில் என் வாசிப்பு எப்போதும் தனியாக, தகரம் போலத் துருத்திக்கொண்டு நிற்கும். வேறு டோன் வாங்கினால் சரியாகும் என்று நினைத்திருந்தேன். குறை என் கையில் இருந்தது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இன்னொரு செய்தி நம் நாட்டுக்கு இன்னும் நெருக்கமானது. 1938இல் ரவீந்திரநாத் தாகூரும், சாந்திநிகேதனில் அவரோடு பழகிய பிரெஞ்சு இசையறிஞர் அலென் தானியேலுவும் வகுத்துக் கொடுத்த முறைப்படி, இந்திய இசையின் நுண்சுருதிகளை வாசிக்கத்தக்க ஓந்த் ஒன்று தனியே செய்யப்பட்டது. தாகூருக்கு ஆர்மோனியம் பிடிக்காது என்பது ஊரறிந்தது. 1940 மார்ச் முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்ததே, அதற்கு அவருடைய குரலும் துணை நின்றது. அந்தத் தடை 1971 வரை நீடித்தது. ஆர்மோனியத்தின்மேல் சொன்ன குற்றச்சாட்டு என்ன? கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே அதற்குப் பாதை கிடையாது, கமகம் வராது என்பதுதானே. அந்தப் பாதைக்கு ஒரு வழி இருக்கிறது என்று கண்டபோது தாகூர் அதற்கு முறை வகுத்துக் கொடுத்தார். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்த நாளில் எனக்கு ஒரு பாரம் இறங்கியது. கட்டை வாத்தியக்காரர்கள் என்று நம்மைச் சற்றுத் தள்ளி உட்கார வைக்கும்போதெல்லாம் நான் மனம் குன்றியிருக்கிறேன். கட்டைமேல் யாருக்கும் பகை இல்லை. நடுவில் இருக்கும் வழியை மூடிக்கொண்டு வாசிப்பதுதான் வழக்கு.

பிரான்சில் அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒனெகெர், ஜோலிவே, வரேஸ் போன்ற இசையமைப்பாளர்கள் ஓந்துக்கு எழுதினார்கள். 1947இல் பாரிஸ் இசைக் கல்லூரியில் ஓந்துக்கென்று வகுப்பு தொடங்கியது. மார்த்தெனோவே முதல் ஆசிரியர். இவோனின் தங்கை ஜான் லோரியோ அதன் மிகப் பெரிய வித்வானாக வளர்ந்து, வாசிப்பு முறையை மூன்று பாகங்களாக எழுதி வைத்தார். 1962இல் வந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தின் பாலைவனத்திலும் அது ஒலித்தது. 2000இல் வந்த 'கிட் ஏ' தொகுப்பில் ரேடியோஹெட் குழுவின் ஜானி கிரீன்வுட் அதை மறுபடி இளைஞர்களின் காதுக்குக் கொண்டுபோனார். பள்ளிப் பருவத்தில் துரங்கலீலா கேட்டு மயங்கியவர் அவர். மார்த்தெனோ 1980இல் காலமானார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தயாரிப்பும் நின்றது. பின்னாளில் சில கைவினைஞர்கள் பழைய கருவிகளைப் பிரித்துப் பார்த்து, புதிதாகச் செய்து தரத் தொடங்கினார்கள்.

ஏன் நின்றது என்று கேட்பீர்கள். ஒவ்வொன்றையும் கையால் செய்ய வேண்டும். விலை அதிகம். வால்வுகள் சூடாகிச் சுருதி நகரும். அதைவிடப் பெரிய காரணம், வாசிக்கக் கற்றுக்கொள்ள ஆண்டுகள் ஆகும். 1935இல் அமெரிக்காவில் ஹேமண்ட் ஆர்கன் வந்தது. கட்டையை அழுத்தினால் போதும், கார்டு முழங்கும். தேவாலயங்கள் வாங்கிக் குவித்தன. அதிலும் அருமையான இசை பிறந்திருக்கிறது. நான் மறுக்கவில்லை. ஆனால் அதிலிருந்து மின்னணு வாத்தியத்துக்கு அழகு என்றால் டோன் எண்ணிக்கை என்று ஒரு பேச்சு தொடங்கியது. இன்று கடைக்காரர் உங்களிடம் சொல்லும் முதல் வாக்கியமும் அதுதான். சார், இதில் எண்ணூறு டோன் இருக்கு.

மோதிரத்தின் ஆசை முற்றிலும் செத்துவிடவில்லை. 1970இல் வந்த மினிமூக் சின்தசைசரில் கட்டைகளுக்கு இடப்பக்கம் இரண்டு சக்கரங்களை வைத்தார்கள். ஒன்று ஸ்வரத்தை வளைக்க, ஒன்று அதிர வைக்க. யமஹாவின் சிஎஸ்-80இல் கட்டைகளுக்கு மேலே விரலால் தேய்க்கும் ஒரு பட்டையே இருந்தது. கட்டையை அழுத்திய பிறகும் இன்னும் அழுத்தினால் ஸ்வரம் மாறும் வசதியும் அதில் உண்டு. மினிமூக்கின் அந்த இரண்டு சக்கரங்களும்தான் இன்று உங்கள் கீபோர்டிலும் இருக்கின்றன. சில கம்பெனிக் கருவிகளில் சக்கரத்துக்குப் பதில் குச்சி போன்ற ஒரு லீவர். மார்த்தெனோவிடமிருந்து நேராக இறங்கி வந்தவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் தீர்க்க நினைத்த அதே கேள்விக்குத்தான் இவையும் பதில்.

இப்போது தோடிக்கு வருகிறேன். சட்ஜமத்தை ஒரு கட்டை சுருதியில் வைத்துக்கொள்ளுங்கள். தோடியின் காந்தாரம் இரண்டாவது கறுப்புக் கட்டை. அந்தக் கட்டையை மட்டும் அழுத்தினால் அது தோடி ஆகாது என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் காந்தாரம் கீழே சுத்த ரிஷபத்தையும் மேலே சுத்த மத்யமத்தையும் உரசிக்கொண்டு ஊஞ்சலாட வேண்டும். கட்டைகளை எண்ணிப் பாருங்கள். காந்தாரத்திலிருந்து ரிஷபம் இரண்டு அரைஸ்வரம் கீழே. மத்யமம் இரண்டு அரைஸ்வரம் மேலே. உங்கள் கீபோர்டு பெரும்பாலும் கடையிலிருந்து வரும்போதே பிட்ச் பெண்ட் அளவு எவ்வளவு வைத்து வருகிறது? மேலே இரண்டு, கீழே இரண்டு அரைஸ்வரம். தோடிக் காந்தாரத்துக்கென்றே அளந்து வைத்தாற்போல இருக்கிறது. அந்த ஊஞ்சலின் மேல்தான் பிளாஸ்டிக் தாளை ஒட்டி வைத்திருக்கிறோம்.

உடனே வந்துவிடாது. சக்கரத்தை விட்டதும் அது துள்ளி நடுவுக்கு வரும். அந்தத் துள்ளல் கமகத்தைக் கெடுக்கும். கட்டைவிரலால் தடுத்துத் தடுத்து இறக்கப் பழக வேண்டும். மேலே போகும் வேகமும் கீழே வரும் வேகமும் ஒன்றாக இருந்தால் ஆம்புலன்ஸ் சைரன் ஆகிவிடும். முதல் இரண்டு மாதம் எனக்கு அப்படித்தான் வந்தது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தேன். ஒரு நல்ல பாடகரின் தோடி ஆலாபனையை வைத்து, ஒரே ஒரு பிடியை இருபது முறை கேட்டு, இருபது முறை சக்கரத்தில் தேடுங்கள். குரலில் எந்த இடத்தில் நின்று எந்த இடத்தில் நழுவுகிறது என்று காது கண்டுகொண்டால் கை தானே பின்னால் வரும்.

வால்யூம் பெடலும் வாங்கிக்கொள்ளுங்கள். மேடையில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத்தான் அது என்று பலரும் நினைக்கிறார்கள். ஸ்வரம் பிறக்கும்போதும் அடங்கும்போதும் பாதம் அதில் இருக்கட்டும். மார்த்தெனோவின் இழுப்பறையில் இடது விரல் செய்த வேலையை நம் வலது கால் ஓரளவு செய்ய முடியும். அந்தத் தோல் பையின் நுணுக்கம் ஒருநாளும் வராது. ஆனாலும் கட்டையை அடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாதது அல்ல. ஒரே ஆள் வயலின் கூட்டத்துக்கும் வாசிக்க வேண்டும், புல்லாங்குழலுக்கும் வாசிக்க வேண்டும், நடுவில் டிரான்ஸ்போஸ் மாற்ற வேண்டும், பாடகர் சுருதி தப்பினால் மூடிவிட வேண்டும். ஒரு மாலைக்கு இருபத்தைந்து பாட்டு. சவுண்ட் செக் நேரத்தில்கூட உட்கார நாற்காலி கிடைக்காது. சம்பளம் சொல்லவே வேண்டாம். இத்தனைக்கும் நடுவில் இடது கைக்கு வேலை கொடு என்று ஒருவன் வந்து சொன்னால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் ஒரு மாலையில் ஒரு பாட்டின் ஒரு இடையிசையையாவது இரண்டு கையாலும் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து வாசித்துப் பாருங்கள். கார்டு வேண்டாம், அடுக்கிய டோன் வேண்டாம். கூட்டத்தில் யாராவது ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டு மேடையைத் திரும்பிப் பார்ப்பார். எனக்கு அது நடந்திருக்கிறது. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சாம்பார் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். என் இருபத்தைந்து வருட வருமானத்தில் அதைத்தான் பெரியதாக நினைக்கிறேன்.

சொல்லிக் கொடுப்பவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதல் நாளே பிள்ளையின் இடது கையை எடுத்துச் சக்கரத்தின்மேல் வையுங்கள். ஸ ரி க ம வருவதற்கு முன்னால் ஒரே ஸ்வரத்தை வளைத்து மீட்கச் சொல்லிக் கொடுங்கள். ஐந்து வருடம் கழித்துச் சொன்னால் அந்தக் கை தொடையில் குடியிருந்து பழகியிருக்கும். நான் பல பிள்ளைகளுக்கு அப்படித்தான் தாமதமாகச் சொன்னேன். அந்தப் பிழை என்னுடையது.

இன்று ராத்திரி கச்சேரி இல்லாதவர்கள் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இருப்பதிலேயே வெறுமையான, அலங்காரமில்லாத டோன் ஒன்றை எடுங்கள். ரிதம் வேண்டாம். வலது கையில் ஒரு விரல் தோடிக் காந்தாரத்தில், இடது கை சக்கரத்தில், கால் பெடலில். சக்கரத்தின்மேல் தாள் இன்னும் இருந்தால் முதலில் அதை உரித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த சகோதரன்